காண்பதை வரைதல்

மேசையின்மீது ஒரு செம்பு இருக்கிறது. அதன் வாய் வட்டமானது என்பதை அனைவரும் அறிவர். ஆயினும், நாற்காலியில் அமர்ந்து நோக்கும்போது அவ்வாய் முழு வட்டமாகத் தோன்றுவதில்லை. பக்கவாட்டில் நீண்ட நீள்வட்டமாகவே தோன்றுகிறது. வரையத் தொடங்குவோர் பலர் வாயை முழு வட்டமாகவும் அடியை நேர்க்கோடாகவும் வரைந்துவிடுகின்றனர். அதனால் செம்பு மேசையில் நில்லாமல் முன்னே சாய்வதுபோல் ஆகிவிடுகிறது. கண் கண்டதை விட்டு மனம் அறிந்ததைக் கை வரைந்ததே இதற்குக் காரணம். விலை உயர்ந்த தூரிகை இக்குறையைத் தீர்க்காது.

செம்பைக் கண்மட்டத்திற்கு உயர்த்திப் பார்த்தால் அதன் வாய் ஒரு கோடாகத் தெரியும். மெல்லத் தாழ்த்தினால் அக்கோடு விரிந்து நீள்வட்டமாகும். மேலும் தாழ்த்தினால் இன்னும் அகலும். செம்பின் அடி வாயைவிடக் கீழே இருப்பதால், அடியின் வளைவு வாயின் வளைவைவிடச் சற்று மிகுதியாக இருக்கும். இதை ஒருமுறை கண்டவர் அடியை நேர்க்கோடாக வரையமாட்டார்.

அசையாப்பொருள் ஓவியத்திற்கு ஒரு பக்கத்து ஒளியே ஏற்றது. சாளரத்தின் அருகே பொருள்களை வைத்து, அறையின் விளக்கை அணைத்துவிட வேண்டும். பின்னர்க் கண்களைப் பாதி மூடிப் பார்த்தால் நுணுக்கங்கள் மறைந்து, வெளிச்சமும் இருளும் மட்டும் பெரிய பகுதிகளாகத் தெரியும். அவற்றையே முதலில் வரைதல் நன்று. நிழலுக்குக் கறுப்பை அப்படியே தீட்டினால், அது துணியில் விழுந்த ஓட்டைபோல் தோன்றும். வண்ணப்பெட்டியில் கறுப்பு இருப்பதே ஒரு தொல்லை எனலாம்! நீலத்துடன் சிறிது ஆரஞ்சு கலந்தால் கிடைக்கும் மங்கிய நிறம் நிழலுக்கு நன்கு பொருந்தும்.

பொருள்களை அடுக்குவதும் ஓவியப் பணியே. பிரான்சு நாட்டு ஓவியர் பால் செசான் (1839–1906) ஆப்பிள் பழங்களைப் பலமுறை வரைந்தவர். பழங்களின் அடியில் நாணயங்களைச் செருகி, வேண்டிய கோணம் வரும்வரை அவர் சாய்த்து வைப்பார் என்று, அதனை அருகிலிருந்து கண்ட இளம் ஓவியர் ஒருவர் கூறியுள்ளார். செசான் மிக மெதுவாக வரைபவர். படம் முடியுமுன் பழங்கள் அழுகிவிடுவதும் உண்டு.

நிலக்காட்சியிலும் மனம் இவ்வாறே ஏமாற்றும். மரம் பச்சை என்று மனம் அறியும். ஆகவே தொலைவிலுள்ள மலைக்காட்டையும் கை பச்சையாகவே தீட்டும். ஆனால், இடையிலுள்ள காற்று நீல ஒளியை மிகுதியாகச் சிதறடிப்பதால் சேய்மை மலைகள் வெளிர்நீலமாகத் தோன்றுகின்றன. உருசியாவில் பிறந்து, 1928 முதல் 1947இல் மறையும்வரை இமாசலத்தின் குல்லு பள்ளத்தாக்கில் வாழ்ந்த நிக்கோலாய் ரோரிக்கின் இமயமலை ஓவியங்களில் நீலமும் ஊதாவும் அடுக்கடுக்காக அமைந்திருப்பதைக் காணலாம்.

நீர்வண்ணத்தில் இதைச் செய்யத் தொலைவிலிருந்து தொடங்க வேண்டும். மிகுந்த நீர் சேர்த்த வெளிர்நிறத்தில் கடைசி மலையைத் தீட்டி, அது நன்கு உலர்ந்தபின் அடுத்ததைச் சற்று அடர்த்தியாகத் தீட்டலாம். ஈரம் காயுமுன் தொட்டால் இரு மலைகளும் ஒன்றாகக் கரைந்துவிடும். நீர்வண்ணம் உலரும்போது வெளிறும். எனவே வேண்டிய அளவைவிடச் சிறிது அடர்த்தியாகவே தீட்ட வேண்டும். பனிக்கும் முகிலுக்கும் தாளின் வெண்மையே போதும். அவ்விடங்களைத் தீட்டாமல் விட்டுவிடலாம்.

திறந்தவெளியில் வரைவோர் வெயிலையும் கவனிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் மரநிழல் இடம் மாறிவிடும். மாறிய நிழலைத் தொடர்ந்து திருத்திக்கொண்டே போனால், படத்தில் இரண்டு சூரியன்கள் ஒளிர்வதுபோல் ஆகிவிடும். ஆகவே, தொடக்கத்திலேயே நிழல்களின் எல்லையைப் பென்சிலால் குறித்துக்கொள்வது வழக்கம். வேலை முடியாவிடில், மறுநாள் அதே வேளையில் அதே இடத்திற்குச் சென்று தொடரலாம்.