பழைய சோத்துல என்ன இருக்கு?



நம்ம கரையாம்புத்தூர் பக்கம் நடவுக்குப் போறவங்க நீராகாரம் குடிச்சிட்டுத்தான் கிளம்புவாங்க. அதே பழைய சோற்றைச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் குடல் நோய்க்காக ஆராய்ந்திருக்கிறார்கள்.

ராத்திரி தண்ணீர் ஊற்றிய சோறு காலையில் லேசாகப் புளிக்கக் காரணம், அதில் பெருகும் லாக்டிக் அமில பாக்டீரியா. தயிரை உறைய வைப்பதும் இந்த வகைதான். நம் குடலிலும் இப்படி கோடிக்கணக்கான நல்ல கிருமிகள் குடியிருக்கின்றன. அவை நார்ச்சத்தைச் செரித்து, கெட்ட கிருமிக்கு இடம் கொடுக்காமல் காக்கின்றன.

பிள்ளைக்கு வயிற்றாலே போனால் நாமே கடையில் ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிக் கொடுக்கிறோமே, அது நல்ல கிருமியையும் சேர்த்துக் கொல்லும். முதலில் ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுப்போம். டாக்டர் சொன்னால் மட்டுமே மாத்திரை.

சோறு ஊற வைக்கக் காய்ச்சி ஆறிய தண்ணீரையே ஊற்றுவோம். கெட்ட வாடை வந்தால் கொட்டிவிடுவோம்.