மலைமேல் பூமி, அடிவாரத்தில் வீடு

போடியில் சம்பந்தம் பேச வருகிறவர்கள் முதலில் கேட்கிற கேள்வி, "மேலே எவ்வளவு இருக்கு?" என்பதுதான். என் ஓரகத்தி திருச்சிக்காரி. கல்யாணமாகி வந்த புதிதில், மாடியில் எத்தனை அறை என்று விசாரிக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தாளாம்! மேலே என்றால் மலைமேலே. எத்தனை ஏக்கர் ஏலத்தோட்டம் என்று அர்த்தம்.

எங்கள் ஊரிலிருந்து மேற்கே நிமிர்ந்து பார்த்தால் சுவர் வைத்த மாதிரி மலை நிற்கும். முந்தல் சோதனைச் சாவடியைத் தாண்டினால் ரோடு வளைந்து வளைந்து ஏறும். 17 கொண்டை ஊசி வளைவுகள். புலியூத்துப் பக்கம் போகும்போதே காது அடைத்துக்கொள்ளும். சுமார் 25 கிலோமீட்டர் ஏறிப் போடிமெட்டை எட்டினால் குளிர் முகத்தில் அடிக்கும். அங்கே தமிழ்நாடு முடிந்து கேரளம் ஆரம்பம். 1956-இல் மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளம், பீர்மேடு முதலான மலைப்பகுதிகள் கேரளத்தோடு சேர்ந்தன. அதனால் எங்களில் பல குடும்பங்களுக்கு வீடும் ரேஷன் கார்டும் ஓட்டும் கீழே. சோறு போடுகிற பூமி மேலே. பத்திரமோ மலையாளத்தில். இந்தக் கடைசி சமாசாரத்தில்தான் பெண்களாகிய நாம் ஏமாந்து போகிறோம். அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் அப்பா ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதியவர். சேர்த்து வைத்த பணத்தோடு அம்மாவின் 8 பவுன் நகையையும் விற்று, 1982-இல் பூப்பாறைக்கு அந்தப் பக்கம் 2 ஏக்கர் வாங்கினார். பட்டயம் உள்ள பூமி. மேலே எல்லா நிலமும் அப்படி இல்லை. ஏலம் மட்டும் போடுவதற்கென்று அரசாங்கம் கொடுத்த குத்தகைப் பாட்ட நிலங்களும் உண்டு. வாங்குகிறவர்கள் இதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சின்ன வயதில் பள்ளிக்கூடம் லீவு விட்டால் எனக்கும் தங்கைக்கும் மேலேதான். விடியற்காலை ஐந்து மணிக்கு ஜீப். எட்டுப் பேர் உட்கார வேண்டிய ஜீப்பில் பதினைந்து பேர், தூக்குச்சட்டிகள், ஒரு கோழி. வளைவுக்கு வளைவு யாராவது வாந்தி எடுப்பார்கள். அம்மா மடியில் எலுமிச்சம்பழம் வைத்திருப்பாள். பூப்பாறையில் இறங்கி, வேறு ஜீப் மாறி, அப்புறம் ஒற்றையடிப் பாதையில் நடை. மழைக்காலம் என்றால் அட்டை காலைப் பிடித்துக்கொள்ளும். பிடுங்கி எறிந்தால் புண்ணாகும். சுண்ணாம்பையோ உப்பையோ வைத்தால் தானே விழுந்துவிடும்.

ஏலக்காய் மரத்தில் காய்ப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். செடி ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தாலும், காய் என்னவோ தூரில், தரையை ஒட்டிப் படரும் சரத்தில்தான் பிடிக்கும். எடுக்கிறவள் குனிந்தோ குத்தவைத்தோதான் எடுக்க வேண்டும். எல்லாக் காயும் ஒரே சமயத்தில் முற்றாது. மாதத்துக்கு ஒரு தரம், ஒன்றரை மாதத்துக்கு ஒரு தரம் என்று சுற்றிச் சுற்றி வரவேண்டும். இடுப்பில் பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டு ஈரத்தில் நாள் முழுக்க இருந்துவிட்டு, இருட்டியபின் அதே ஜீப்பில் இறங்கி வந்து அடுப்பைப் பற்றவைக்கிற பெண்கள் எங்கள் தெருவில் இன்றும் இருக்கிறார்கள். பச்சைக் காய் சுமார் 5 கிலோ எடுத்தால், ஸ்டோரில் காய வைத்தபின் 1 கிலோ நிற்கும். நீங்கள் பாயசத்தில் தட்டிப் போடுகிற நாலு காய்க்குப் பின்னால் ஒரு முதுகுவலி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சங்கதி. ஏலத்துக்குப் பூச்சிமருந்து அதிகம் அடிப்பார்கள். மருந்தடித்த தோட்டத்திலிருந்து வருகிறவர்களின் துணியைக் குழந்தைகள் துணியோடு ஊறப்போடாதீர்கள். வந்ததும் கை, கால், முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவியபின் குழந்தைக்குப் பால் கொடுக்கச் சொல்லுங்கள்.

அம்மா கூலிக்குப் போனவள் இல்லை. ஆனால் எங்கள் 2 ஏக்கரில் எந்தத் தூர் எந்த வருஷம் வைத்தது, எது அழுகல் கண்டது என்று அப்பாவைவிட அவளுக்குத்தான் தெரியும். மழை நாளில் மண் சரிந்து ரோடு அடைபட்டு, நாலு நாள் தகரக் கொட்டகையில் தனியாகக் கிடந்தும் இருக்கிறாள்.

அப்பத்தாவுக்கு இது வேறு மாதிரி மலை. அவள் பிறந்தது கொட்டகுடிப் பக்கம், குரங்கணிக்குப் போகிற வழியில். அந்தக் காலத்தில் மூணாறு தேயிலை ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து கம்பிக் கயிற்றில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டு வண்டியில் போடிக்கு வருமாம். 1924 வெள்ளத்தில் அந்த மலை ரயில் அடித்துக்கொண்டு போய்விட்டது. அப்பத்தா அதைப் பார்த்ததில்லை; அவள் அப்பா சொல்லக் கேட்டதுதான். 2018 மார்ச் 11-ஆம் தேதி குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேற வந்தவர்கள் 20 பேருக்கும் மேல் மாண்டார்களே, அன்றைக்கு அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "மாசி பங்குனியில புல்லு காஞ்சு கெடக்கும்த்தா. நாங்க அப்ப அங்கிட்டு ஏறவே மாட்டோமே, யாரும் சொல்லலையா அந்தப் புள்ளைககிட்ட?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அப்பா 2017-இல் காலமானார். உயில் எதுவும் எழுதவில்லை. தோட்டத்தை அண்ணன் பார்த்துக்கொண்டது. அதில் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. 2018 ஆகஸ்டு பெருமழையில் கால்வாசிச் செடி போயிற்று. மறு வருஷம் பார்த்தால், கனவிலும் நினைக்காத விலை! 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது. போடியில் அப்போது இரண்டு பேர் சந்தித்தால் இதே பேச்சுத்தான். கிலோக் கணக்கில் வாங்கியவர்கள் கூட 50 கிராம் பொட்டலம் வாங்கினார்கள்.

அந்த மாதம்தான் அண்ணன் பத்திரத்தோடு வந்தது.

"ஒண்ணுமில்ல தாயி, அப்பா பேர்லயே இருந்தா கரம் கட்ட, லோன் வாங்க எல்லாம் இடைஞ்சலா இருக்கு. அம்மா, நீ, தங்கச்சி மூணு பேரும் ஒரு கையெழுத்துப் போட்டுட்டா எல்லாம் சுளுவாயிரும். சும்மா ஒரு பார்மாலிட்டிதான்."

அண்ணன் கெட்டவர் இல்லை. என் பிரசவச் செலவு இரண்டையும் பார்த்தவர். ஆனால் பத்திரம் முழுவதும் மலையாளம். எனக்கு ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. "வச்சிட்டுப் போங்கண்ணே, வீட்டில அவங்க வரட்டும்" என்று சொல்லிவிட்டேன். மதினி முகம் சுண்டிவிட்டது. வீட்டுக்காரரோ, "உங்க அண்ணன் தங்கச்சி விவகாரத்தில் நான் தலையிடமாட்டேன்" என்று பேப்பரை விரித்துக்கொண்டார். நல்ல மனுஷர்!

மறுநாள் நானே பஸ் ஏறினேன். எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டத்து சேச்சி எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து பழக்கம். கட்டஞ்சாயா கொடுத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்துச் சொன்னார். "மோளே, இது ஒழிமுறியாணு" என்றார். ஒழிமுறி என்றால் நம் ஊர் விடுதலைப் பத்திரம். இனி இந்தச் சொத்தில் எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை என்று மனப்பூர்வமாக எழுதிக் கொடுப்பது. பதிவாகிவிட்டால், பிறகு மனசு மாறினேன் என்று சொல்லித் திரும்பப் பெறுவது எளிதல்ல. "நின்றெ அப்பத்தா இருக்காங்கல்லே? அவங்க பேரு இதில இல்லையே" என்றும் கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நெடுங்கண்டத்தில் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஓர் ஆண் தான் சம்பாதித்த சொத்துக்கு உயில் எழுதாமல் இறந்தால், மனைவி, மகன், மகள், உயிரோடு இருக்கும் தாய் ஆகியோருக்கு ஆளுக்கு ஒரு சமபங்கு. மகள் கல்யாணமானவளா, சீர் வாங்கினவளா என்பதெல்லாம் அங்கே கேள்வியே இல்லை. கிறிஸ்தவர்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் சட்டம் வேறு. உயில் எழுதியிருந்தால் கதை வேறு.

ஆக எங்கள் 2 ஏக்கரில் ஐந்து பங்கு: அப்பத்தா, அம்மா, அண்ணன், நான், தங்கை. ஆளுக்கு 40 சென்ட். எண்பத்தெட்டு வயசில் அப்பா செத்ததற்கு மாரில் அடித்துக்கொண்டு அழுத அப்பத்தாவும் ஒரு பங்குக்காரி என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளுக்கே தெரியாது.

பூர்வீகச் சொத்து என்றால் கணக்கே வேறு. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25-ஆம் தேதியிலிருந்து மகளுக்கும் அதில் பிறப்பாலே உரிமை வந்தது. ஆனால் அதற்கு முன் கல்யாணமானவர்களைத் தள்ளிவிட்டார்கள். என் சிநேகிதி ஒருத்தியின் அக்காவுக்கு 1988-இல் கல்யாணம்! 2005-இல் மத்திய அரசு திருத்தம் கொண்டுவந்தபின் அந்தத் தடை போயிற்று.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு ஒரே குழப்பம். 40 சென்ட்டை வைத்து நான் என்ன செய்யப்போகிறேன்? துண்டு போட்டால் தோட்டம் பாழ். கேட்டால் அண்ணன் மனசு கோணும். நாளைக்கு என் மகளுக்குத் தாய்மாமன் சீர் செய்ய யார் இருக்கிறார்கள்? இப்படி நினைத்துத்தானே நம்மில் பலர் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

கடைசியில் நானும் தங்கையும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். பங்கு பிரிக்க வேண்டாம். அண்ணனே பயிர் செய்யட்டும். ஆனால் ஐந்து பேர் பெயரிலும் போக்குவரவு நடக்கட்டும். அம்மா காலம் வரை வருமானத்தில் பாதி அவள் கைக்குப் போகட்டும். போக்குவரவு என்பது நம் பக்கத்துப் பட்டா மாறுதல் மாதிரிதான். அண்ணன் இரண்டு மாதம் எங்கள் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. அந்தத் தீபாவளி எனக்குத் தீபாவளியாகவே இல்லை. பொங்கலுக்கு மதினிதான் முதலில் கரும்போடு வந்தாள். "உங்க அண்ணனுக்குக் கோபம் உங்க மேல இல்ல, அந்தச் சேச்சி மேலதான்" என்றாள். சிரித்துவிட்டோம்.

2020-இல் கொரோனா வந்து எல்லையை அடைத்தபோது கீழே இருந்து யாரும் மேலே போக முடியவில்லை. அந்தச் சேச்சிதான் எங்கள் தோட்டத்தையும் எட்டிப் பார்த்துக்கொண்டார்.

அப்புறம் விலை சரிந்தது. 2022-இல் கிலோ ஆயிரத்துக்கும் கீழே. உரக்கடைக் கடன், கூலி பாக்கி என்று அண்ணன் நொந்துபோய், விற்றுவிடலாம் என்று ஆள் கூட்டி வந்தது. அம்மா கையெழுத்து இல்லாமல் முழுப் பூமியையும் விற்க முடியாதே! அம்மா அதிகம் பேசவில்லை. "என் எட்டுப் பவுன் அதில கெடக்குடா. நான் போனப்புறம் வித்துக்க" என்றாள். அவ்வளவுதான். கடனுக்கு நானும் தங்கையும் ஆளுக்கொரு வளையலை அடகு வைத்துக் கொடுத்தோம். பங்குக்காரி என்றால் நஷ்டத்திலும் பங்குதானே. 2024 கோடையில் மழை பொய்த்துச் செடி பாதி கருகியது. ஆனால் விலை மறுபடி இரண்டாயிரத்தைத் தாண்டியதால் அண்ணன் தலை நிமிர்ந்தது.

ஒரு பாக்கி இருக்கிறது. அப்பத்தா 2021-இல் போய்ச் சேர்ந்தாள். அவள் பங்கு 40 சென்ட் யாருக்கு? அவள் மகளான எங்கள் கம்பத்து அத்தைக்குப் பாதி, செத்துப்போன மகனின் பிள்ளைகளான எங்கள் மூவருக்கும் சேர்த்து மீதிப் பாதி. மருமகளான அம்மாவுக்கு இதில் கிடையாது. அத்தையிடம் போய்ச் சொன்னேன். "எனக்கெதுக்குத்தா அந்த 20 சென்ட்டு? வருஷத்துக்கு ஒரு கிலோ காய் கொடுத்து விடுங்க, போதும்" என்றார். கொடுத்து வருகிறோம். இன்னும் எழுத்தில் எதுவும் இல்லை. அத்தைக்குப் பின் அவர் பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது? இந்த வருஷமாவது முடிக்க வேண்டும்.

2023 ஜூனில் ரயில் திரும்பப் போடிக்கு வந்த பிறகு, சென்னையிலிருந்து தங்கை அடிக்கடி வருகிறாள். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் அகலப் பாதைக்காகக் காத்திருந்தோம்! போன மாதம் வந்தபோது அம்மாவையும் அழைத்துக்கொண்டு மூன்று பேரும் மேலே போய் வந்தோம். வில்லேஜ் ஆபீஸில் கரம் கட்டின ரசீதை அம்மா கையில் கொடுத்தேன். "இதில என் பேரு எங்கே இருக்கு?" என்று கேட்டாள். சேச்சி விரலால் தொட்டுக் காட்டினார். அம்மா அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மடித்து ரேஷன் கார்டு உறைக்குள் வைத்துக்கொண்டாள். "சரி, வாங்க. அந்த மேட்டுத் தூருக்கு மண் அணைச்சானான்னு பார்ப்போம்" என்று எங்களுக்கு முன்னால் நடக்க ஆரம்பித்துவிட்டாள்.