கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நல்ல கீபோர்டு

தராசு வாங்கப் போனால் நாம் எத்தனை முறை யோசிக்கிறோம்! முத்திரை இருக்கிறதா, அளவு சரியாகக் காட்டுகிறதா, பழுதானால் பார்க்க உள்ளூரில் ஆள் உண்டா என்று நாலு பேரிடம் விசாரித்த பிறகுதான் பணம் கொடுக்கிறோம். ஆனால் எடை போட்ட சரக்கு எந்தக் கருவி வழியாகக் கணக்கில் ஏறுகிறதோ, அந்தக் கருவி விஷயத்தில் மட்டும் "கம்ப்யூட்டரோடு வந்ததுதானே, இருக்கட்டும்" என்று விட்டுவிடுகிறோம். கம்ப்யூட்டரின் விசைப்பலகையைத்தான், அதாவது கீபோர்டைத்தான் சொல்லுகிறோம்.

இது சின்ன விஷயம் என்று நாங்களும் நினைத்திருந்தவர்கள்தான். அந்த எண்ணம் மாறியதற்கு எங்கள் கடையில் நடந்த ஒரு சம்பவமே காரணம். அதைச் சொல்வதில் எங்களுக்குப் பெருமை ஒன்றும் இல்லை. இருந்தாலும் நம் உறுப்பினர்களுக்குப் பயன்படும் என்பதால் சொல்லுகிறோம்.

ஒன்பது சிப்பம் அரிசி

தேனியில் எங்களுடையது மொத்தப் பலசரக்குக் கடை. வீரபாண்டித் திருவிழா சமயத்தில் ஆண்டிபட்டி, சின்னமனூர், கம்பம் என்று நாலா பக்கத்துச் சில்லறை வியாபாரிகளும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள். கிட்டங்கியில் துண்டுச் சீட்டைப் பார்த்துச் சரக்கு ஏற்றுவார்கள். கடையில் ஒரு பெண் அதே சீட்டைப் பார்த்துப் பில் போடுவார். பற்று வரவு உள்ளவர்கள் பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிடுவார்கள்.

அந்த ஆண்டு திருவிழா முடிந்து இருப்பு எடுத்தபோது அரிசியில் சிப்பங்கள் குறைந்தன. சர்க்கரையிலும் குறைந்தது. கிட்டங்கிச் சீட்டுகள் சரியாக இருந்தன. கம்ப்யூட்டர் கணக்குத்தான் ஒத்துவரவில்லை. பில் போடுகிறவர் யாருக்கோ வேண்டுமென்றே குறைத்துப் போட்டிருக்கிறார் என்ற பேச்சு கடைக்குள் கிளம்பியது. நாங்களும் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கடுமையாகக் கேட்டோம். "சீட்டுல இருந்ததைத்தான் முதலாளி அடிச்சேன்" என்பதைத் தவிர அவரால் வேறு எதுவும் சொல்ல முடியவில்லை.

நாலாம் நாள் வருசநாட்டுப் பக்கத்துச் சில்லறை வியாபாரி ஒருவர் பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "அண்ணாச்சி, நான் பத்து சிப்பம் ஏத்துனேன். இதுல ஒன்னுன்னு போட்டிருக்கு. பார்த்துக்கிடுங்க" என்றார். ஒன்பது சிப்பத்தின் விலையைத் தானாகவே கொண்டுவந்து கொடுத்த அந்த மனிதருக்கு நாங்கள் இன்றும் கடமைப்பட்டிருக்கிறோம்.

அதன் பிறகுதான் கீபோர்டைச் சோதித்தோம். பூஜ்யத்தை லேசாகப் பத்து முறை அழுத்தினால் திரையில் ஆறு பூஜ்யம்தான் விழுந்தது. கை வேகமாக ஓடும்போது பத்து ஒன்றாகிவிட்டது, ஐம்பது ஐந்தாகிவிட்டது. அந்தப் பெண்ணிடம் எல்லோர் முன்னிலையிலும் வருத்தம் தெரிவித்தோம். அவர் எதுவும் சொல்லவில்லை. அன்றைய கணக்கை வழக்கம்போல் முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். சில நூறு ரூபாய்ச் சாமானால் ஒரு பிள்ளையின் நாணயத்தையே சந்தேகித்துவிட்டோமே என்ற உறுத்தல் எங்களுக்கு இன்னும் போகவில்லை.

அழுத்தியது பதிந்ததா?

கோளாறு எங்கே என்று பார்ப்போம். விலை குறைந்த கீபோர்டுகளில் ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் குமிழ் போன்ற ரப்பர் இருக்கிறது. எழுத்தை அடிவரை அழுத்தினால்தான் அந்தக் குமிழ் மடங்கி, கீழே உள்ள பிளாஸ்டிக் தாளில் மின்தொடர்பு ஏற்படும். நாளாவட்டத்தில் ரப்பர் இறுகினாலோ, தாளில் அழுக்குப் படிந்தாலோ, விரல் அழுத்தியிருக்கும், எண் மட்டும் பதியாது. நம் கடைகளில் முதலில் கெடுவது பெரும்பாலும் பூஜ்யமும் என்டரும்தான். அதிகம் அடிபடுவது அவைதானே.

மெக்கானிக்கல் கீபோர்டில் அமைப்பே வேறு. ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் ஸ்பிரிங்கும் உலோகத் தொடர்பும் கொண்ட தனிச் சுவிட்ச் ஒன்று இருக்கும். செர்ரி என்ற நிறுவனம் 1980களில் கொண்டுவந்த எம்.எக்ஸ். வகைச் சுவிட்சே இன்று பலருக்கும் முன்மாதிரி. அதன் முழு ஓட்டம் 4 மில்லிமீட்டர். ஏறத்தாழ பாதி வழியிலேயே, அதாவது 2 மில்லிமீட்டரிலேயே, எழுத்து பதிந்துவிடும். அடிவரை குத்த வேண்டியதில்லை. நாள் முழுவதும் பில் போடுகிறவரின் விரலுக்கும் மணிக்கட்டுக்கும் இது பெரிய ஆறுதல்.

மூன்று நிறம், மூன்று குணம்

இந்தச் சுவிட்சுகளை நிறத்தால் அடையாளம் சொல்லுவார்கள். மூன்றைத் தெரிந்துகொண்டால் நமக்குப் போதும்.

நீலம்: அழுத்தும்போது பதியும் இடத்தில் ஒரு தட்டுப்பாடு விரலுக்குத் தெரியும், கூடவே 'டிக்' என்று சத்தமும் கேட்கும். செர்ரி நீலத்துக்கு ஏறத்தாழ 60 கிராம் அழுத்தம் வேண்டும். திரையைப் பார்க்காமல் சீட்டைப் பார்த்து அடிப்பவருக்கு, எண் பதிந்ததைக் காதும் விரலும் சேர்ந்து சொல்லிவிடும்.

பழுப்பு: விரலுக்கு அந்தத் தட்டுப்பாடு தெரியும், ஆனால் 'டிக்' சத்தம் கிடையாது. அழுத்தம் ஏறத்தாழ 55 கிராம். நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவில் நிற்பது.

சிவப்பு: தட்டுப்பாடும் இல்லை, 'டிக்' சத்தமும் இல்லை. வழுவழுவென்று இறங்கும். 45 கிராம் போதும். கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு இளைஞர்கள் விரும்புவது இதைத்தான். ஆனால் விரல் சும்மா பட்டாலே பதிந்துவிடக்கூடும் என்பதால் புதிதாகப் பில் போடப் பழகுகிறவருக்கு நாங்கள் இதைச் சொல்லமாட்டோம்.

செர்ரியின் காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு கேட்டரான், கைல், அவுட்டெமு போன்ற சீன நிறுவனங்களும் இதே வடிவில் சுவிட்ச் செய்கின்றன. பெரும்பாலும் இதே நிற வழக்கத்தையே பின்பற்றுகின்றன. ஆனால் நிறம் ஒன்றாக இருப்பதால் தரமும் அழுத்தமும் ஒன்றாக இருந்துவிடாது. பச்சையாக இருப்பதெல்லாம் முதல்தர ஏலக்காய் ஆகிவிடுமா? கையில் எடுத்துப் பார்த்துத்தானே விலை பேசுகிறோம்.

கடையிலேயே சோதிக்க எளிய வழி

அழுத்தத்தை அளக்கக் கருவி வேண்டியதில்லை, கல்லாவில் உள்ள பத்து ரூபாய் நாணயங்களே போதும். ஒரு நாணயம் 7.7 கிராம் அளவு எடை. எழுத்தின் மேல் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே வாருங்கள். ஆறு நாணயத்தில் (46 கிராம்) பதிந்தால் அது மென்மையான வகை. ஏழு அல்லது எட்டு நாணயம் (54 முதல் 62 கிராம்) கேட்டால் பழுப்பு, நீலத்தின் கணக்கு. முக்கியமாக, ஒரே கீபோர்டில் நாலைந்து எழுத்துகளைச் சோதியுங்கள். ஒன்று ஐந்து நாணயத்திலும் மற்றொன்று ஒன்பதிலும் இறங்கினால் அந்தச் சரக்கை வைத்துவிட்டு வந்துவிடலாம்.

எந்தக் கடைக்கு எது?

பலசரக்கு, எண்ணெய், மளிகை மொத்தக் கடைகளுக்கு எங்கள் சிபாரிசு நீலம். கூட்டமும் வண்டிச் சத்தமும் உள்ள இடத்தில் 'டிக்' சத்தம் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. டைப்ரைட்டிங் லோயர், ஹையர் தேர்வு எழுதிவிட்டு வேலைக்கு வருகிறவர்களுக்கும் இதுவே கைக்குப் பழகினதாக இருக்கும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டி.வி.எஸ். எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் 'கோல்டு' கீபோர்டு, வங்கிகளிலும் அலுவலகங்களிலும் பல ஆண்டுகளாகப் புழங்கும் இந்தச் சத்தமிடும் வகைதான். எந்த நிறுவனத்துடையது ஆனாலும், எந்தச் சுவிட்ச் போட்டிருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள்.

போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரிகளின் நிலைமை வேறு. அவர்கள் காதில் எந்நேரமும் போன் இருக்கும். விலை பேசும்போது நீலத்தின் சத்தம் எதிர்முனைக்கும் கேட்கும். அவர்களுக்குப் பழுப்பு ஏற்றது. ஒரு விரல் அழுத்தத்தின் மதிப்பை அவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதும் இல்லை. நறுமணப் பொருள் வாரியம் 2007இல் போடியில் மின்னணு ஏல முறையைத் தொடங்கிய பிறகு, வாய்விட்டுக் கேட்ட விலையைப் பொத்தானை அழுத்திக் கேட்கப் பழகியவர்கள் அல்லவா அவர்கள்!

மருந்துக் கடை, நகைக் கடை, ஜவுளிக் கடை போன்று வாடிக்கையாளர் எதிரே அமர்ந்திருக்கும் இடங்களுக்கும் பழுப்பு நல்லது. இரவில் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பவர், கை பழகியவராக இருந்தால், சிவப்பு வைத்துக்கொள்ளலாம்.

கம்பம், சின்னமனூர்ப் பக்கத்துத் திராட்சை, வாழை, காய்கறிக் கமிஷன் மண்டிகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஈரக் கையோடும் தண்ணீர்த் தெளிப்போடும் வேலை நடக்கும் இடத்தில் மெக்கானிக்கல் கீபோர்டு பொருந்தாது. சுவிட்சுக்குள் தண்ணீர் இறங்கினால் துருப்பிடிக்கும். அங்கே தண்ணீர் புகாதபடி மூடிய ரப்பர் வகையை வாங்கி, சில மாதத்துக்கு ஒருமுறை சோதித்து, தவறினால் உடனே மாற்றிவிடுவதே சரி.

கோடிக் கணக்கைக் கண்டு மயங்க வேண்டாம்

பெட்டியின் மேல் '5 கோடி அழுத்தம் தாங்கும்' என்று போட்டிருப்பார்கள். சாதாரண ரப்பர் வகைக்கு 50 லட்சம் முதல் 1 கோடி வரை சொல்லுவார்கள். நம் கணக்குக்கு வருவோம். பூஜ்யத்தை ஒரு நாளைக்கு 1,500 முறை அடித்தாலும் 300 வேலை நாளில் 4 லட்சத்து 50 ஆயிரம்தான் ஆகிறது. அந்தக் கணக்குப்படி ரப்பர் வகைகூடப் பத்து ஆண்டுக்கு மேல் வர வேண்டும். ஏன் வருவதில்லை? வத்தல் தூசி, மாவு, ஏலச் சருகு, பஞ்சு, எண்ணெய்க் கை, சிந்திய டீ ஆகியவைதான் காரணம். நம் ஊர்க் கடைகளில் கீபோர்டைக் கொல்வது அழுத்தம் அல்ல, அழுக்குத்தான்.

மெக்கானிக்கல் வகையின் உண்மையான லாபம் இங்கேதான் இருக்கிறது. எழுத்து மூடியைக் கழற்றித் துடைக்கலாம். ஒரு சுவிட்ச் கெட்டால் அதை மட்டும் பற்றவைத்து மாற்றலாம். பற்றவைக்காமலே பிடுங்கிச் சொருகும் வகைகளும் உண்டு. இதிலும் கோளாறு வராமல் இல்லை. உலோகத் தொடர்பில் அழுக்குச் சேர்ந்தால் ஒருமுறை அடித்தது இருமுறை விழும். 1 என்பது 11 ஆகும். ஆகவே எந்த வகை ஆனாலும் மாதம் ஒருமுறை ஒவ்வொரு எண்ணையும் பத்து முறை அடித்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

வாங்கும்போது கவனிக்க

வலப்பக்க எண் கட்டம் கட்டாயம் வேண்டும். வண்ண விளக்குகள் மினுங்கும் சின்னக் கீபோர்டுகளில் பலவற்றில் அது இருக்காது. பார்வைக்கு அழகு, பில்லுக்கு உதவாது.

கம்பி உள்ளதே மேல். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று வாடிக்கையாளரை நிறுத்திவைக்க முடியாது.

எழுத்து மேலே அச்சடித்ததா, வேறு நிறப் பிளாஸ்டிக்கில் உள்ளிருந்தே வார்த்ததா என்று கேளுங்கள். வார்த்தது அழியாது.

2010இல் வந்த ரூபாய்க் குறியீடு மேலே அச்சாகவில்லையே என்று கவலை வேண்டாம். விண்டோஸில் இந்திய ஆங்கில அமைப்பை வைத்துக்கொண்டு, வலப்பக்க ஆல்ட்டுடன் 4ஐ அழுத்தினால் வந்துவிடும். தமிழும் அப்படியே. 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 அமைப்பாகட்டும், பழைய தட்டச்சு அமைப்பாகட்டும், அது மென்பொருளில் இருக்கிறது, கட்டையில் அல்ல.

ராத்திரி கடை அடைக்கும்போது ஒரு துணி போட்டு மூடுங்கள். டீ சிந்தினால் உடனே கம்பியைப் பிடுங்கி, கவிழ்த்துவைத்து, நன்றாக உலரும்வரை மாட்டாதீர்கள்.

விலையில் வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. சில நூறு ரூபாயில் முடிவது இரண்டாயிரத்துக்கு மேல் போகும். வழக்கமான முறையில் ஜி.எஸ்.டி. கட்டும் வணிகர்கள் கடை பெயரில் பில் வாங்கினால், கட்டிய வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அது கிடையாது.

எங்கள் கடையில் இப்போது நீலச் சுவிட்ச் கீபோர்டுதான். எதை வாங்குவது என்று நாங்கள் முடிவு செய்யவில்லை. மூன்று வகையையும் பில் போடும் அந்தப் பெண்ணின் முன்னால் வைத்து, "உங்கள் கைக்கு எது சரி?" என்று கேட்டோம். அரை மணி நேரம் மாறி மாறி அடித்துப் பார்த்துவிட்டு அவர்தான் தேர்ந்தெடுத்தார். உறுப்பினர்களுக்கு எங்கள் கடைசி யோசனையும் அதுதான். பணம் கொடுப்பவர் நாமாக இருக்கலாம், நாள் முழுவதும் அதன் முன் உட்காரப் போகிறவரைக் கேட்டு வாங்குங்கள். இன்று கடைக்குப் போனதும் முதல் வேலையாக, பூஜ்யத்தைப் பத்து முறை லேசாக அழுத்திப் பாருங்கள். திரையில் பத்தும் விழுந்தால் நல்லது. ஒன்பது விழுந்தால், பில் போடும் பிள்ளையைக் கோபிப்பதற்கு முன்பு கீபோர்டை மாற்றிவிடுங்கள்.