16 நாய்கள், 64 காலுறைகள்

அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் மார்ச் மாதம் ஒரு விநோதம் நடக்கும். நகரின் நடுத்தெருவில் லாரி லாரியாகப் பனியைக் கொண்டுவந்து கொட்டிப் பரப்புவார்கள். மாதத்தின் முதல் சனிக்கிழமை அந்தப் பனிமேல் நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டிகள் அணிவகுத்துப் புறப்படும். இதுதான் இடிட்டராட் பந்தயத்தின் தொடக்க விழா. உண்மையான ஓட்டம் மறுநாள், பெரும்பாலும் வில்லோ என்ற ஊரிலிருந்து. போய்ச் சேரவேண்டிய இடம், பெரிங் கடலோரத்திலிருக்கும் நோம். தூரம் சுமார் 1,600 கிலோமீட்டர். 1973 முதல் இது நடந்துவருகிறது.

வண்டியோட்டியை அங்கே மஷர் என்பார்கள். வழி நெடுக அவர் தனியாள்தான், வெளியாள் உதவி கூடாது. ஆனால் புறப்படும் காலையில் அவரைச் சுற்றி ஒரு கூட்டமே வேலை செய்யும். அந்த உதவியாளர்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

முதல் வேலை தண்ணீர். பச்சைத் தண்ணீரை நாய் போதுமான அளவு குடிக்காது. அதனால் வெந்நீரில் இறைச்சித் துண்டுகளைப் போட்டு, வாசனையோடு கிண்ணத்தில் ஊற்றுவார்கள். நாய் சளக் சளக்கென்று நக்கித் தீர்த்துவிடும். இவ்வளவு குளிரில் ஏன் இத்தனை அக்கறை? தசைகள் வேலை செய்யும்போது, உணவிலிருந்து வரும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகிவிடுகிறது. நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்கோ பாதங்களில்தான் வியர்வை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்து, ஈரத்தை ஆவியாக்கித்தான் அது உடலைக் குளிர்விக்கிறது. அதில் நிறையத் தண்ணீர் போய்விடும். மைனஸ் 20 டிகிரியில் சுகமாக ஓடும் நாய், வெயிலடித்துப் பனி இளகும் நாளில் திணறுவது இதனால்தான்.

அடுத்து காலுறை. ஒரு வண்டிக்கு 16 நாய்கள் என்றால் 64 காலுறைகள்! உதவியாளர் பனியில் மண்டியிட்டு, ஒவ்வொரு காலாகத் தூக்கி, விரலிடுக்கில் ஒட்டிய பனியைத் துடைத்து, துணி உறையை மாட்டி, மணிக்கட்டில் வெல்க்ரோ பட்டையை ஒட்டுவார். இறுக்கினால் ரத்த ஓட்டம் தடைப்பட்டுப் பாதம் வீங்கும். தளர்ந்தால் ஓட்டத்தில் கழன்றுவிடும். கையுறையோடு இதைச் செய்ய முடியாது, அதனால் விரல்கள் விறைத்துப்போகும்.

இந்த உறை குளிருக்காக அல்ல என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. நாயின் பாதத்தில் சூடான ரத்தம் இறங்கும் தமனியும், குளிர்ந்த ரத்தம் ஏறும் சிரைகளும் ஒட்டி ஒட்டி அமைந்திருக்கின்றன. இறங்கும் ரத்தம் தன் சூட்டை ஏறும் ரத்தத்துக்குக் கொடுத்துவிடுகிறது. அதனால் சில்லிட்ட ரத்தம் உடலுக்குள் போவதில்லை, பாதமும் உறைவதில்லை. காலுறை காப்பது வேறொன்றிலிருந்து. ஊசி ஊசியான பனித்துகள் தோலைத் தேய்த்துப் புண்ணாக்கும். விரலிடுக்கில் பனி உருண்டு கட்டியாகும். இந்த இரண்டையும் உறை தடுக்கிறது.

இனி பூட்ட வேண்டும். தேர் வடம்போல் நடுவில் ஒரு நீளக் கயிறு, அதன் இருபுறமும் ஜோடி ஜோடியாக நாய்கள். பூட்டியதும் அவற்றுக்குத் தலைகால் புரியாது. குரைத்துக்கொண்டு துள்ளும், நின்ற இடத்திலேயே எகிறும். மஷரின் காலடியில் பிரேக் உண்டு. அதன் இரும்புப் பற்கள் பனியில் புதைந்தால்தான் உராய்வு கிடைக்கும், வண்டி நிற்கும். தார்ச்சாலைமேல் பரப்பிய மெல்லிய பனியில் பற்கள் எங்கே புதையும்? அதனால் ஆங்கரேஜில் பின்னால் இன்னொரு வண்டியை இணைத்து, அதிலும் ஒருவர் நின்று பிரேக் போடுவதுண்டு. உதவியாளர்கள் ஆளுக்கொரு பக்கமாகக் கயிற்றைப் பிடித்து, நாய்களோடு ஓடியபடி தொடக்கக் கோட்டுக்குக் கொண்டுவருவார்கள். கால் இடறினால் உடனே கையை விட்டுப் பக்கவாட்டில் உருண்டுவிட வேண்டும், பின்னால் வண்டி வருகிறதே!

கடைசி நொடிகளை எண்ணி முடித்ததும் எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் விடும். வண்டி சீறிப் போகும். நாய்களின் குரைப்பும் சட்டென்று நின்றுவிடும், ஓட ஆரம்பித்த பிறகு அவற்றுக்குக் கத்த நேரமில்லை. இரண்டு நிமிட இடைவெளியில் அடுத்த வண்டி. முன்னால் போனவருக்கு அது அநியாய லாபம் ஆகிவிடாதா? ஆகாது. எல்லோரும் வழியில் கட்டாயமாக 24 மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும். அந்த ஓய்வு நேரத்தில் இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடுவார்கள்.

உதவியாளர்களுக்கு வேலை இன்னும் முடியவில்லை. வழியிலுள்ள நிலையங்களில் கால்நடை மருத்துவர்கள் நாய்களைப் பரிசோதிப்பார்கள். களைத்த நாயையோ நொண்டும் நாயையோ மஷர் அங்கேயே விட்டுவிடுவார். சிறு விமானத்தில் திரும்பிவரும் அந்த நாயைக் கூட்டிப் போய், சூடாகச் சாப்பாடு கொடுத்து, வைக்கோலில் தூங்க வைப்பதும் இவர்கள்தான்.