வண்டியின் பின்னால் ஒரு சாண் ஒளி

சென்ற ஆண்டு தை மாதத்து இரவொன்றில், கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி நண்பரொருவரின் மோட்டார் வண்டியில் வந்துகொண்டிருந்தோம். காலபோக அறுவடை நடைபெறும் காலம். பரந்தன் சந்தியைத் தாண்டிச் சிறிது தூரம் வந்ததும், வீதியின் இருள் ஓரிடத்தில் திடீரெனத் தடித்து நிற்பதுபோலத் தோன்றியது. நண்பர் பிரேக்கை இறுக அழுத்தினார். வைக்கோல் ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டியொன்று எமக்கு முன்னால் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. இடையே எஞ்சியிருந்தது பத்துப் பன்னிரண்டு அடியே.

சத்தங் கேட்டு இயந்திரத்தை நிறுத்திய பெரியவர் இறங்கி வந்தார். “ஐயா, பின்னாலை சிவப்பு ஸ்ரிக்கர் ஒட்டித்தானே வைச்சிருக்கிறன். உங்களுக்குத் தெரியேல்லையோ?” என்றார்.

அவர் கூறியது உண்மையே. பெட்டியின் பின்பலகையில் ஒரு சாண் அகலத்திற் பளபளப்பான சிவப்புத் தாள் ஒட்டப்பட்டிருந்தது. ஆனால் எமது முன்விளக்கின் ஒளியில் அது கரும்பலகைபோலவே கிடந்தது. நண்பர் தம்மிடமிருந்த மின்சூளைப் பெரியவரிடம் கொடுத்து, கண்ணருகே பிடித்துக்கொண்டு முதலிற் பெட்டியையும், பின்னர் எமது வண்டியின் பின்புறத்துச் சிவப்புத் தெறிகருவியையும் பார்க்கச் சொன்னார். முன்னது இருண்டு கிடந்தது. பின்னதோ தணல்போல எரிந்தது. பெரியவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், “இதை எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே” என்றார்.

அந்த ஒரு வார்த்தையே இக்கட்டுரை எழுதக் காரணமாயிற்று.

பளபளப்பு வேறு, இருளில் ஒளியைத் திருப்பித் தருதல் வேறு. சுண்ணாம்புச் சுவரில் விழும் ஒளி நாலா திசையிலும் சிதறிவிடும். விளக்கேந்தியவரின் கண்ணுக்கு அதில் மிகச் சிறு பங்கே வந்து சேரும். தளவாடியிற் சாய்வாக விழும் ஒளி மறுபக்கஞ் சென்றுவிடும், விளக்கேந்தியவருக்கு வாராது. பெரியவர் ஒட்டியிருந்த தாளும் ஏறக்குறைய இவ்வகையினதே. எந்தப் பக்கத்திலிருந்து ஒளி வந்தாலும் அதனை வந்த வழியே திருப்பியனுப்புவது மூன்றாவது வகை. இரவில் வீதியோரத்து மாட்டின் கண்களும் பூனையின் கண்களும் மின்னுவது இவ்வகைத் தெறிப்பினாலேயே. இங்கிலாந்தின் ஹலிபாக்ஸ் நகரத்தவரான பேர்சி ஷோ என்பவர், வீதியின் நடுவே பதிக்கும் “பூனைக்கண்” தெறிகருவிக்கு 1934 இற் காப்புரிமை பெற்றார். அதே தத்துவத்தை ஒட்டுத்தாளாக்கும் முயற்சி 1930களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் வெற்றி பெற்றது.

தாளுக்குள் நிகழ்வது என்ன? ஒரு வகைத் தாளிற் கண்ணுக்குப் புலப்படாத அளவு நுண்ணிய கண்ணாடி மணிகள் நெருக்கமாகப் பதிக்கப்பட்டிருக்கும். மணிக்குள் நுழையும் ஒளி முறிவடைந்து பின்புறத்திற் குவியும். அங்குள்ள உலோகப் பூச்சிற் பட்டுத் தெறித்து, மீண்டும் முறிந்து வந்த வழியே வெளியேறும். மற்றொரு வகையில் மணிகளுக்குப் பதிலாக நுண்ணிய மூலைகள் அமைந்திருக்கும். அறையொன்றின் இரு சுவர்களும் நிலமும் கூடும் மூலையை நோக்கிப் பந்தை எறிந்து பாருங்கள். அது மூன்று தளங்களிலும் பட்டு எறிந்தவரை நோக்கியே திரும்பும். ஒளியும் அவ்வாறே. 1969 ஆம் ஆண்டு அப்பலோ 11 விண்வெளி வீரர்கள் சந்திரனில் வைத்துவந்த கருவியும் இத்தகைய நூறு மூலைகளாலானதே. பூமியிலிருந்து அனுப்பப்படும் லேசர் ஒளியை அது இன்றும் பூமிக்கே திருப்புகின்றது.

இனி, தாளைத் தெரிவு செய்வது எங்ஙனம் என்பதை நோக்குவோம்.

அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஏ.எஸ்.டி.எம். டி4956 என்னும் நியமம் இத்தாள்களைத் தரம் பிரிக்கின்றது. முதலாம் வகையான “எஞ்சினியர் கிரேட்” என்பது மணிகள் முற்றாகப் பிளாத்திக்கினுள் அமிழ்ந்த தாள். மூன்றாம் வகையான “ஹை இன்டென்சிற்றி” அதனினும் வலியது. ஒளி திருப்பும் வன்மையை அளக்கும் எண், வெள்ளை நிறத்தில் முன்னதற்குக் குறைந்தது 70 ஆகவும் பின்னதற்கு 250 ஆகவும் இருத்தல் வேண்டும். நுண்மூலைகளாலான உயர்ந்த வகைகள் சிலவற்றுக்கு இந்த எண் 500 ஐயுங் கடக்கும்.

ஆயின் எல்லா இடத்துக்கும் உயர்ந்த தரமே வேண்டுமென்பதில்லை. தோட்டத்து வாயிற்பலகைக்கும் வாகனத் தரிப்பிட அறிவிப்புக்கும் முதலாம் வகையே போதும். அது மென்மையானதாதலால் வளைந்த பரப்புகளிலும் படியும். விரைந்து செல்லும் வீதியின் எச்சரிக்கைப் பலகைக்கும், லொறி, உழவு இயந்திரப் பெட்டி, லாண்ட்மாஸ்டர் ஆகியவற்றின் பின்புறத்துக்கும் உயர்ந்த தரமே தகும். நுண்மூலைத் தாள் பெரும்பாலும் விறைப்பானது. தட்டையான பரப்பிலேயே அது நன்கு நிலைக்கும்.

நிறத்தையுங் கருத்திற் கொள்ளல் வேண்டும். முதலாம் வகையில் வெள்ளைக்கு 70 என்றால், மஞ்சளுக்கு 50, சிவப்புக்கு ஏறக்குறைய 14, நீலத்துக்கு 4 மாத்திரமே. சிவப்புத் தாளை வாங்குபவர் வெள்ளையின் ஐந்திலொரு பங்கு ஒளியையே பெறுகின்றார். ஆகவே பின்புறத்துச் சிவப்புக்கு மலிவான தரத்தை நாடுவது இரட்டை நட்டமாகும். பாரவண்டிகளின் அடையாளங்களுக்கான ஐக்கிய நாடுகளின் 104 ஆம் இலக்கப் பிரமாணம், பின்புறத்துக்குச் சிவப்பு அல்லது மஞ்சளையும், பக்கங்களுக்கு வெள்ளை அல்லது மஞ்சளையும், குறைந்தது 50 மில்லிமீற்றர் அகலத்தையும் விதிக்கின்றது. அமெரிக்காவிலோ சிவப்பும் வெள்ளையும் மாறிமாறி வரும் பட்டியே வழக்கு. நாட்டுக்கு நாடு விதி வேறுபடுவதால், ஒட்டுவதற்கு முன் மோட்டார் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வதே முறை.

கடைகளில் மற்றும் இரண்டு பொருள்களும் இதனோடு கலந்து விற்கப்படுகின்றன. கண்ணைப் பறிக்கும் செம்மஞ்சள், இளம்பச்சைத் தாள்கள் பகலிலும் அந்திப் பொழுதிலும் எடுப்பாகத் தெரியும். நள்ளிரவில் அந்த நிறத்துக்குத் தனிச் சக்தியில்லை. ஒளியை உறிஞ்சி வைத்துப் பின்னர் தானே மெல்ல ஒளிரும் தாள் மற்றையது. மின்சாரம் தடைப்பட்ட மண்டபத்தில் வெளியேறும் வழியைக் காட்ட அதுவே ஏற்றது; ஏனெனில் அங்கு எவரும் முன்விளக்கோடு வருவதில்லை. வீதியிலோ அதனாற் பயன் சொற்பம். அமெரிக்காவில் ஒகையோ அரசுப் பல்கலைக்கழகத்தார் 1960களின் தொடக்கத்தில் மெதுவாகச் செல்லும் வண்டிகளுக்கென ஒரு முக்கோண அடையாளத்தை அமைத்தனர். அதன் நடுப்பகுதி பகலுக்கான செம்மஞ்சள். ஓரம் இரவுக்கான ஒளி திருப்பும் சிவப்பு. இரு பொருளையும் தத்தமக்குரிய இடத்தில் வைத்த அறிவை மெச்சுதல் தகும்.

நல்ல தாளை வாங்கியும் ஒட்டும் முறையாற் கெடுப்பவர் உளர். துருவையும் எண்ணெயையும் அகற்றி, சவர்க்கார நீரிற் கழுவி, நன்கு உலர்த்திய பின்னரே ஒட்டல் வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேய்த்துக் காற்றை வெளியேற்றல் வேண்டும். ஆணித் தலைகளின் மேல் ஒட்டாது, அவற்றைச் சுற்றி வெட்டிவிடல் நன்று. தாளின் மேற் சாதாரண வர்ணத்தாற் பெயரெழுதினால் அவ்விடம் இருண்டுவிடும். கறுப்பெழுத்து வேண்டுமானால் மாத்திரம் அது பொருந்தும். வைக்கோல் தொங்கி மறைக்காத கீழ்ப்பகுதியில், வண்டியின் முழு அகலமும் புலப்பட இரு மூலைகளிலும் ஒட்டுக. சேற்றை அடிக்கடி துடைத்துவிடுக. சேறு படிந்த உயர்ந்த தாளும் மலிவான தாளும் இரவில் ஒன்றே.

இவ்வளவு கவனம் ஒரு தாளுக்கு வேண்டுமோ என்று சிலர் எண்ணலாம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீற்றர் கடக்கின்றது. முன்னால் நிற்பது இன்னதென உணர்ந்து பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை விநாடி சென்றால், 25 மீற்றர் வீதி அதற்குள் கழிந்துவிடும். வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரம் அதன் பின்னரே தொடங்கும். அமெரிக்காவில் 1993 டிசெம்பர் முதல் புதிதாகக் கட்டப்படும் பாரிய இழுவைப் பெட்டிகளுக்கு இத்தகைய பட்டிகள் கட்டாயமாக்கப்பட்டன. 2001 இல் அந்நாட்டு வீதிப் பாதுகாப்புத் திணைக்களம் வெளியிட்ட ஆய்வின்படி, வெளிச்சமற்ற வீதிகளிற் பெட்டிகளின் பக்கத்திலும் பின்னாலும் பிற வாகனங்கள் மோதும் விபத்துகள் இப்பட்டிகளால் 41 சதவீதம் குறைந்தன. ஒரு சாண் தாள் காத்த உயிர்களை இதிலிருந்து எண்ணிப் பார்க்கலாம்.

இருப்பினும் ஒன்றை மறத்தலாகாது. இத்தாளுக்குத் தன்னொளி இல்லை; பிறர் விளக்கை நம்பியே அது வாழ்கின்றது. விளக்கின்றி வரும் துவிச்சக்கர வண்டிக்காரருக்கு உங்கள் வண்டியின் தாள் எதையும் உணர்த்தாது. ஆதலால் விளக்குக்குத் துணையாகவே தாள். விளக்குக்குப் பதிலாக அன்று.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகின்றோம். இன்று மாலை இருள் சூழ்ந்த பின், வீட்டிலுள்ள துவிச்சக்கர வண்டி, மோட்டார்ச் சைக்கிள், உழவு இயந்திரம் யாவற்றையும் முற்றத்தில் வரிசையாக நிறுத்துங்கள். இருபது அடி தள்ளி நின்று, மின்சூளைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். பின்னர் சற்றுப் பக்கவாட்டாக நகர்ந்தும், தாளில் நீரூற்றியும் பாருங்கள். எல்லா நிலையிலும் தணல்போல எரிவது நல்ல தாள். எரியாததை உரித்தெறிந்து, கடைக்குச் செல்லும்போது மின்சூளையும் கையோடு கொண்டுசெல்லுங்கள். பளபளப்பைக் கண்டு வாங்காது, இருளிற் பரீட்சித்து வாங்குங்கள்.

பின்னர் அயல்வீட்டுப் பெரியவரின் வண்டியையும் பார்த்துவிடுங்கள். தமக்கு ஒருவரும் சொல்லவில்லையே என்று அவரும் ஒருநாள் வருந்தும்படி விட்டுவிடலாகாது.