பத்தாம் வகுப்பிலேயே கல்லூரியைக் காட்டுங்கள்

ஆரணியில் தறி ஓடும் வீடுகளில் மே மாதம் பிறந்தால் ஒரே கேள்விதான்: “எந்த குரூப் எடுக்கப் போற?” பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த சில நாட்களுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அப்பா பாவு பிணைத்துக்கொண்டிருப்பார், அம்மா ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருப்பார். கல்லூரிக்குள் காலெடுத்து வைத்தவர் அந்த வீட்டில் ஒருவரும் இல்லையென்றால், பக்கத்து வீட்டுப் பிள்ளை எடுத்த குரூப்பே வழிகாட்டி.

அந்த ஒரு வார்த்தைக்கு எவ்வளவு கனம் என்பது அப்போது தெரிவதில்லை. கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் இல்லாத குரூப்பில் சேர்ந்தால் பொறியியலுக்குப் போகும் பாதை அன்றைக்கே அடைபட்டுவிடும். தொழிற்பிரிவில் படித்தவர்களுக்கு மட்டும் தனி வழி உண்டு.

ஆரணிக்குப் பக்கத்தில், தச்சூரில்தான் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. கலை, அறிவியல் படிப்புக்குச் செய்யாறில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. வேலூரை அடுத்த சேர்க்காட்டில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் இருக்கிறது. தூரம் ஒரு தடை இல்லை. பள்ளிக்கும் இவற்றுக்கும் பழக்கம் இல்லாததுதான் குறை.

ஒரு காலத்தில் இரண்டும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன. 1857-ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகமே பள்ளி முடிப்பவர்களுக்கு மெட்ரிகுலேஷன் தேர்வை நடத்தியது. மெட்ரிக் பள்ளிகளின் பெயரில் இன்றும் ஒட்டியிருப்பது அந்த உறவுதான். பிறகு பி.யு.சி. வந்தது. பள்ளியை முடித்த பிள்ளை ஓராண்டு கல்லூரி வகுப்பறையில் உட்கார்ந்து பார்த்து, அதன் பிறகே பட்டப்படிப்பைத் தேர்ந்தெடுக்கும். 1978-ல் தமிழகத்தில் பிளஸ் 2 முறை வந்தபோது அந்தப் படிப்பு பள்ளிக்கே வந்துவிட்டது. அது நல்ல மாற்றம். வெளியூர் அனுப்பத் தயங்கிய பெற்றோரின் பெண்கள் உள்ளூரிலேயே மேலும் ஓர் ஆண்டு படித்தார்கள். ஆனால் கல்லூரியைப் பார்த்துப் பழகிய அந்த ஓர் ஆண்டு போய்விட்டது, அந்த இடத்தை இன்னும் எதுவும் நிரப்பவில்லை.

அரசு சும்மா இருக்கவில்லை. 2021-ல் வந்த சட்டப்படி, ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத இடம் உண்டு. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அதே ஆண்டு மார்ச்சில் வந்த நான் முதல்வன் திட்டத்தில் பிளஸ் 2 மாணவர்களை அருகிலுள்ள கல்லூரிகளுக்குக் களப்பயணம் அழைத்துப் போகிறார்கள். என் மனத்தாங்கல் இந்தக் கடைசி ஏற்பாட்டில்தான். பிளஸ் 2 தாமதம். குரூப் எடுத்து ஒரு வருஷம் ஓடிய பிறகு கல்லூரியைக் காட்டி, ‘இதெல்லாம் படிக்கலாம்’ என்றால், ஏற்கெனவே வழி அடைபட்ட பிள்ளைக்கு அதனால் ஏக்கம்தான் மிஞ்சும்.

ஒன்பதிலும் பத்திலும் காட்ட வேண்டும். ஒருநாள் சுற்றுலாவாகவும் அது முடிந்துவிடக் கூடாது.

எப்படி என்று ஆரணிச் சரக்கான பட்டை வைத்தே சொல்கிறேன். கச்சாப் பட்டின் மேல் செரிசின் என்ற பசை இருக்கும். சோப்பு கலந்த கொதிநீரில் அதைப் போக்கினால்தான் பட்டு மினுமினுக்கும், சாயமும் ஏறும். எடையில் ஏறக்குறைய கால் பங்கு இதிலேயே குறைந்துவிடும். தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு நுரைக்காது, திரிதிரியாக நூலில் படியும், சாயம் திட்டுத்திட்டாக விழும். சாயம் போடுகிறவர்களுக்கு இது கைப்பழக்கத்தில் தெரியும். கடினநீரில் சோப்பு ஏன் நுரைப்பதில்லை என்பது பத்தாம் வகுப்பு அறிவியலிலும் இருக்கிறது. அந்தக் கடினத்தன்மையை அளப்பது பொறியியல் முதலாண்டு வேதியியல் சோதனைகளில் ஒன்று.

சாயப்பட்டறை, பள்ளிப் பாடம், கல்லூரிச் சோதனை மூன்றையும் ஒரு மேசையில் வைத்துப் பாருங்கள். தெருக் குழாய்த் தண்ணீர் ஒரு பாட்டில், சாயப்பட்டறைக் கிணற்றுத் தண்ணீர் ஒரு பாட்டில். குடுவையில் ஊற்றி நிறங்காட்டியைச் சேர்த்தால் ஒயின் சிவப்பு. பியூரெட்டிலிருந்து ஈ.டி.டி.ஏ. கரைசல் சொட்டுச் சொட்டாக இறங்க, ஒரு கட்டத்தில் சட்டென்று நீலம். எந்தத் தண்ணீருக்கு எத்தனை மில்லி இறங்கியது என்று குறித்துக்கொண்டு வீட்டுக்குப் போகும் பிள்ளை, அன்று ராத்திரி அப்பாவிடம் சொல்வதற்கு ஒரு சேதி வைத்திருக்கும். ‘குரூப்’ என்பதும் அதற்கு வெறும் பெயராக இருக்காது.

ஜெர்மனியில் டூபிங்கன் பல்கலைக்கழகம் 2002-ல் சிறுவர் பல்கலைக்கழகம் தொடங்கியது. பேராசிரியர்களே பள்ளிச் சிறுவர்களுக்குப் பாடம் சொன்னார்கள். பிறகு பல ஊர்கள் அதைப் பின்பற்றின. தச்சூரில் இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம். மாதம் ஒரு சனிக்கிழமை திறந்திருக்கும் ஆய்வகம், ஒரு பேருந்து, உடன் வரும் ஓர் ஆசிரியை போதும். பெற்றோரையும் ஒருமுறை அழைத்துப் போக வேண்டும். பெண் பிள்ளை எங்கே போகிறாள் என்று கண்ணால் பார்த்த தாய்க்கு, அனுப்பும் தைரியம் தானாக வரும்.

அந்தச் சனிக்கிழமைகளில் பொறியியலைப் பற்றி மட்டும் பேசிவிட்டு அனுப்பிவிடக் கூடாது. சேலத்தில் மத்திய அரசின் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் அங்கே மூன்றாண்டு டிப்ளமோ சேரலாம். தறிக்குழியில் கால் வைத்து வளர்ந்த பிள்ளையிடம் அந்தத் தகவலைச் சொல்ல வேண்டிய நேரம், பிளஸ் 1 விண்ணப்பத்தில் குரூப் எழுதுவதற்கு முன்பு.