கப்பல் ஏறிக் கற்றதை இப்போ லிங்க்கில் கற்கலாம்



உங்க ஊர் கிளை நூலகத்துக்குக் கடைசியா எப்போ போனீங்க? டிஎன்பிஎஸ்சி படிக்கிற அக்காவை வண்டியில கொண்டுபோய் விட்டதையும் கணக்கில் சேர்த்துக்கலாம். நூலகர்களும் நம்மள மாதிரி ஆன்லைனில் கூடி, புதுசா கத்துக்கிறாங்கன்னு தெரியுமா? அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு கணக்கு வாத்தியார் கதை. சீர்காழியில் 1892ல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் நடத்தியவர். 1924ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். அந்தத் தொழிலைக் கற்க அவர் லண்டனுக்குக் கப்பல் ஏற வேண்டியிருந்தது. படித்ததோடு, அங்கிருந்த பல நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். ஒரு கடையில் மெக்கானோ செட்டையும் பார்த்தார். அதே சில துண்டுகளை மாற்றி மாற்றி மாட்டினால் விதவிதமான பொம்மைகள்! 1933ல் அவர் வெளியிட்ட கோலன் வகைப்பாட்டு முறைக்கு விதை அதுதான். மெக்கானிக்கல் பசங்க பெருமைப்பட்டுக்கலாம்.

1931ல் அவர் எழுதிய ஐந்து நூலக விதிகளில் கடைசி விதி, நூலகத்தை வளர்ந்துகொண்டே இருக்கும் உயிராகப் பார்க்கிறது. சுற்றி இருக்கும் மக்கள் மாறினால் நூலகமும் மாறணும். அதே ஆண்டு மன்னார்குடிப் பக்கம் ஒரு மாட்டுவண்டி நூலகத்தைத் தொடங்கி வைத்தார். கிராமத்து மக்கள் டவுனுக்கு வர முடியலையா? புத்தகம் அவங்ககிட்ட போகட்டும்.

இப்போ ஆன்லைன் மாநாட்டுக்கு வருவோம். அமெரிக்காவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆதரவோடு 2011ல் 'லைப்ரரி 2.0' என்ற இணையவழி மாநாடு தொடங்கியது. கட்டணம் இல்லை. பெயரைப் பதிவு செய்தால் லிங்க் வரும். உரையைக் கேட்டுக்கொண்டே சாட்டில் கேள்வி கேட்கலாம். பிறகு பதிவையும் பார்க்கலாம். உலக நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பான இஃப்லாவும் கொரோனா காலத்தில், 2021ல், தன் உலக மாநாட்டை முழுக்க ஆன்லைனில்தான் நடத்தியது.

இந்த மாதிரி மாநாடுகளில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்று உண்டு: "நம்மைச் சுற்றி இப்போ யார் இருக்காங்க? அவங்களுக்கு என்ன வேணும்?" புதுசா குடியேறியவங்க, வேலை தேடுறவங்க, ஆன்லைன் விண்ணப்பம் போடத் தெரியாத பெரியவங்க என்று பேச்சு போகும்.

இதே கேள்வியை நம்ம பக்கம் கேட்டுப் பாருங்க. சேலம், நாமக்கல் ஸ்பின்னிங் மில்களிலும் கோழிப்பண்ணைகளிலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் வேலை செய்றாங்க. சங்ககிரி, நாமக்கல் லாரி டிரைவர்களும் திருச்செங்கோடு ரிக் வண்டிக்காரங்களும் வாரக்கணக்கில் வெளிமாநிலத்தில் இருக்காங்க. கனடாவில் குடியேறிய தமிழர்களுக்கு டொராண்டோ பொது நூலகம் தமிழ்ப் புத்தகம் வைத்திருக்கு. நம்ம ஊர் மில்லில் வேலை செய்யும் ஒடியா பையனுக்கு ஒரு ஒடியா புத்தகம் கிடைக்குமா? லோடு ஏத்திட்டுக் கிளம்பும் டிரைவர் அண்ணனுக்கு, அவர் ஊரில் இருக்கும் நேரத்தில் நூலகம் திறந்திருக்குமா? உங்க ஊர் நூலகத்தில் கேட்டுப் பாருங்க.

ஆனா ஒரு சிக்கல். கலிபோர்னியாவில் கோடைக்கால மதியம் 12 மணி என்றால் நமக்கு நள்ளிரவு 12.30. பேச்சு முழுக்க ஆங்கிலம், அதுவும் அமெரிக்க உச்சரிப்பு. பகலெல்லாம் புத்தகம் கொடுத்து வாங்கி, கதவைப் பூட்டிட்டு வீட்டுக்குப் போகும் ஒரு கிளை நூலகர் இதை உட்கார்ந்து பார்ப்பாரா? வாசல் திறந்திருந்தாலும் படி உயரமா இருக்கு.

அந்த இடத்தில்தான் நாம உதவ முடியும். நம்மகிட்ட லேப்டாப் இருக்கு, ஹாஸ்டல் வைஃபை இருக்கு, நள்ளிரவு விழித்திருக்கும் பழக்கமும் இருக்கு! ஒரே ஒரு உரையைப் பாருங்க. அதில் வந்த யோசனைகளைத் தமிழில் ரெண்டு பக்கம் எழுதி, உங்க ஊர் நூலகரிடம் கொடுங்க. "சார், இதில் எது நம்ம ஊருக்கு ஒத்துவரும்?"னு கேளுங்க. அவர் சொல்றதையும் குறிச்சுக்கோங்க. பத்து, இருபது வருஷமா அந்த ஊரைப் பார்த்துட்டு இருக்கும் ஒரு நூலகருக்குத் தெரிந்தது கலிபோர்னியாக்காரங்களுக்குத் தெரியாது. அவர் விரும்பினால், அடுத்த மாநாட்டில் பேச விண்ணப்பம் எழுதவும் ஸ்லைடு தயாரிக்கவும் கூட இருங்க.

"நமக்கு ஏன் இந்த வேலை?"ன்னு தோணுதா? உங்க வீட்டுச் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்க. வரியில் ரூபாய்க்கு 10 பைசா வீதம் நூலக வரி இருக்கும். ரங்கநாதன் போன்றோரின் முயற்சியால் 1948ல் வந்த பொது நூலகச் சட்டத்தின் ஏற்பாடு அது. வாடகை வீட்டில் இருப்பவங்களும் அந்த வாடகையோடு சேர்த்து இதைக் கொடுத்துட்டுத்தான் இருக்காங்க. அந்த ஒடியா பையனும்தான்.

செமஸ்டர் லீவில் ஊருக்குப் போறப்போ ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. நூலகர் என்ன சொன்னார்னு எழுதி அனுப்புங்க, அடுத்த இதழில் போடுவோம்!